ஒரே பம்பு

கழனிவாசலில் நாலரைக்குக் கிளம்பினோம்.
நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்துக்கொண்டன.
பம்பு சிகப்பியின் வண்டியில்,
மாவுருண்டை பதினாறும் என் பையில்.
மூன்று வருஷமாக இதுதான் பாகப்பிரிவினை.

தேவகோட்டையில் ஒரு வீட்டைக் கடக்கப்
பதினோரு மிதி.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.
எண்ணுவது நான்தான்,
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிப் பழகிய புத்தி.
வங்கியில் மில்லிகிராம் வரை நகை நிறுக்கிறவள்
சாலையில் எதையும் எண்ண மாட்டாள்.
'வீடு தாண்டிருச்சுல்ல, விடு' என்பாள்.

திருவாடானைக்கு அந்தப் பக்கம் முள்.
சீமைக்கருவேலத்துக்கு வேறென்ன கொடுக்கத் தெரியும்.
டயரைக் கழற்றி, உள்விரலால் தடவித் தேடி,
ஒட்டி, ஊதி முடிக்கும்போது
அவள் நூறு அடித்தாள், நான் நூறு.
இரண்டு பேர் மூச்சும் ஒரே ட்யூபில்.

தொண்டியில் கடல் இருந்தது.
அப்படித்தான் சொல்ல முடியும்.
அலை கிடையாது, சத்தம் கிடையாது.
பெரிய ஊரணி ஒன்று
கிழக்குப் படித்துறையைக் கட்ட மறந்துவிட்ட மாதிரி.
முன்சக்கரங்களை நனைத்தோம்.
வத்தையில் வலை உதறிக்கொண்டிருந்தவர் கேட்டார்:
'எங்கேர்ந்து?'
'காரைக்குடி.'
'ஏன், பஸ் ஓடலையா?'
பிறகு வடக்கே தாடையை நீட்டி,
'அங்கிட்டா? வாடை கெடக்கு' என்றார்.

கிடக்கவில்லை. நின்றது, நெஞ்சுக்கு நேராக.
ஒரு கிலோமீட்டர் அவள் முன்னால்,
அடுத்த கல்லுக்கு நான்.
பின்னால் வருகிறவளுக்குக் காற்று பாதிதான்;
அதற்காக ஒரு முழ இடைவெளியில்
முன்சக்கரத்தை ஒட்டிப் பிடிக்க வேண்டும்.
வலப்புறம் பனை, பனைக்கு நடுவே கடல்,
கடல் ஓரம் வெள்ளையாக ஏதோ பறவைகள்.
நான் பார்த்ததெல்லாம் அவளுடைய மட்கார்டு.

சுந்தரபாண்டியன்பட்டினம் தாண்டி
கழிமுகப் பாலத்தில் ஏறும்போது சொன்னாள்,
திரும்பாமல்:
'மாத்தல் வந்துருச்சு. ஓசூர். ஏப்ரல்ல சேரணும்.'

எதிர்க்காற்றுக்கு ஓரவஞ்சனை உண்டு.
முன்னால் போகிறவள் முணுமுணுத்தாலும்
பின்னால் வந்து சேர்ந்துவிடும்.
பின்னால் இருப்பவள் சொல்வது
தொண்டிக்குத் திரும்பிப் போய்விடும்.
சொன்னேன்.
மறுபடி, கத்திச் சொன்னேன்.
அவள் தோள் அசையவில்லை.

கல் வந்தது. மாறினோம்.
இப்போது நான் எது சொன்னாலும்
அவள் காதுக்குள் போய் விழும்.
'குழி' என்றேன்.
கொஞ்ச தூரம் போய், 'மணல்.'
மீமிசல் வரை என்னிடமிருந்து வந்த தமிழ் அவ்வளவுதான்.

மேற்கே திரும்பியதும் வாடை வலக்காதுக்கு வந்தது.
சேர்ந்தே ஓட்டலாம், ஆனால் நெல் லாரிகள்.
ஆவுடையார்கோயிலில் இளநீர்.
அறந்தாங்கியில் டீ.
மாவுருண்டை பைக்குள் மாவாகவே ஆகிவிட்டது,
காகிதத்தில் கொட்டி நக்கினோம்.
'பாலத்துக்கிட்ட என்னமோ கத்துனியே?'
'பம்பு இனிமே யார்ட்ட இருக்கும்னு கேட்டேன்.'
நான் கேட்டது அது இல்லை.
அவள் டம்ளரைச் சாய்த்து
அடியில் தங்கிய சர்க்கரையையே பார்த்தாள்.
'அதுக்கா அந்தக் கத்து' என்றாள்.

புதுவயல் வரும்போது இருட்டு.
ஆலைகளின் உமி பறந்து கண்ணில் விழுந்தது;
இரண்டு பேரும் கண்ணைத் துடைத்தோம்,
உமிக்குத்தான்.

கழனிவாசலில் பம்பின் வாரைத் தளர்த்தினாள்.
யோசித்தாள்.
மறுபடி இறுக்கினாள்.
'அடுத்த வாரம் எடுத்துக்க.
பிள்ளையார்பட்டிப் பக்கம் போவோம், கிட்டத்துல.'

படுத்த பிறகும் கால் நிற்கவில்லை.
பதினொன்று வரை எண்ணினேன்.
வீடு தாண்டவில்லை.